நல்ல கோடாலி கிடைக்கும்வரை

இனிமேல் விறகு பிளப்பதில்லை என்று முடிவு செய்தேன். இதை மனைவியிடம் நேராகச் சொல்லும் தைரியம் இருந்தால் உங்களிடம் வந்து ஏன் புலம்பப் போகிறேன்? அதனால் முடிவைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன். நல்ல கோடாலி கிடைக்கும்வரை பிளப்பதில்லை. எது நல்ல கோடாலி என்று சொல்லப்போவது நான். ஆகவே அது இந்த ஜென்மத்தில் கிடைக்காது.

கொல்லையில் ஒரு வண்டி விறகுக் கட்டை குவிந்து கிடந்தது. மழைக்கு முன் பிளந்து அடுக்காவிட்டால் அடுப்பில் புகை வரும். புகைக்குப் பின்னாலேயே அவளும் வருவாள்.

"பழைய கோடாலிக்குத் தலை ஆடுது. மட்டமான சாமான்ல கை வெச்சா ஆபத்து. தரமா பார்த்து வாங்கணும்," என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை அவள் வாயால் நான் கேட்டதில்லை.

மறுநாளே இரும்புக் கடையிலிருந்து புதுக் கோடாலியோடு வந்தாள். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமாம்.

"காம்பு குட்டை," என்றேன்.

"பார்த்தாலே தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"கடைக்காரருக்குத் தெரியணுமே. வெட்டிப் பார்க்காமலே குறை சொன்னா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்னு கேட்பார்."

அவன் யார் என்னைக் கேட்க? சட்டையைக் கழற்றினேன். காம்பு குட்டைதான் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்தபோது எனக்கு முதுகு நிமிரவில்லை.

அடுத்த கோடாலிக்குத் தலை கனம் என்றேன். "சின்னக் கட்டையில எப்படிங்க தெரியும்?" என்றாள். பெரிய கட்டைகளிலும் பார்த்தேன். அதற்கடுத்தது கூர் போதாது என்றேன். "கணு இருக்கிற கட்டையில போட்டீங்களா?" என்றாள். போட்டேன்.

ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கொண்டுவந்தாள். கேட்காமலே மோர் வேறு. கடைக்காரனும் தெருவில் என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிட்டான். எனக்குப் புரிந்துவிட்டது. இருவரும் கூட்டு. இருப்பதிலேயே விலை கூடியதை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். ஏமாறுகிற ஆளா நான்?

கடைசியாக வந்தது அசல் சரக்கு. வைத்த இடத்தில் கட்டை இரண்டாயிற்று. எனக்குப் பயம் வந்துவிட்டது. நல்லது என்று ஒப்புக்கொண்டால் வாங்கிவிடுவாள், அப்புறம் ஆயுள் முழுக்க நான்தான் பிளக்க வேண்டும். ஒரு குறையாவது கிடைக்காதா என்று பச்சைக் கட்டை, காய்ந்த கட்டை, கோணல் கட்டை எல்லாவற்றிலும் பொழுது சாயும்வரை தேடினேன்.

"காம்புல ஏதோ வாடை அடிக்குது," என்றேன்.

அதையும் வாங்கிக்கொண்டு போனாள். ஜெயித்துவிட்டேன். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினேன். அவள் திரும்பி வந்ததும் கறாராகச் சொன்னேன்.

"நல்ல கோடாலி கிடைக்கட்டும். அதுவரைக்கும் இந்த வீட்டுல பிளக்கிற பேச்சே இருக்கக் கூடாது."

"சரிங்க. எதைப் பிளக்கிறது?"

கொல்லையைப் பார்த்தேன். பிளக்காத கட்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

"அதை விடுங்க," என்றாள். "விறகு அடுக்குற ஸ்டாண்டு, இரும்புல ஒண்ணு, மரத்துல ஒண்ணு, கடையில கேட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். இதுல பாதி, அதுல பாதி அடுக்கிப் பார்த்து, எது தரம்னு நீங்கதான் சொல்லணும்."