ஒன்றாம் நம்பர் பஸ்

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒன்னாம் நம்பர் தானா ஓடி அருங்காட்சியகம் போய்ச் சேரணும். இல்லைன்னா பழைய இரும்புக்குத்தான்" என்று மேலாளர் சொன்னதிலிருந்து பணிமனை போர்மேனுக்குச் சோறு இறங்கவில்லை.

நகராட்சி வாங்கிய முதல் பஸ் என்பதெல்லாம் மேலாளரின் கவலை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அதன் படியில் தொங்கிய போர்மேனை, "உள்ளே வா, இல்லே இறங்கு!" என்று அதட்டினாள் கண்டக்டர். உள்ளே போனவர்தான். அவளையே கட்டிக்கொண்டு, அந்தப் பணிமனையிலேயே வேலைக்கும் சேர்ந்து, இன்றுவரை இறங்கவில்லை.

எஞ்சின் செத்துக் கிடந்தது.

"கூடவே வாங்கின ரெண்டாம் நம்பர்லேர்ந்து கழட்டுங்கடா."

"ஓடிட்டிருந்த வண்டியைப் படுக்கப் போட்டுட்டீங்களேய்யா!" என்றார் மேலாளர்.

"எப்படியும் அதுவும் இரும்புக்குத்தானே சார் போகுது."

எஞ்சின் போட்ட ஆட்டத்தில் படி கழன்று விழுந்தது. இரண்டாம் நம்பரின் படியை மாட்டினார்கள். பக்கத் தகடு கிழிந்தது. தகட்டை மாற்றினார்கள், சீட்டுகள் பொருந்தவில்லை. சீட்டுகளை மாற்றினார்கள், கூரை ஒழுகியது. கூரையைக் கைப்பிடிக் கம்பிகளோடு மாற்றினார்கள். சீட்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பழைய பஸ்ஸில் எல்லாரும் சொந்தக்காரர்கள். ஒருத்தருக்கு அழைப்பு போனால் ஊரே கிளம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் உறுமியது. பெயின்டர் நெற்றியில் '1' என்று பளபளவென எழுதினான். போர்மேன் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அவள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"அழகா இருக்குங்க. ஆனா நான் வேலை பார்த்தது ரெண்டாம் நம்பர்ல."

"முப்பத்தஞ்சு வருஷமா ஒன்னுன்னு சொல்றேன், கேட்டுட்டுத்தானேடி இருந்தே?"

"அவ்வளவு ஆசையா சொல்றப்போ எப்படித் திருத்தறது? அன்னைக்கு நீங்க நம்பரையா பார்த்தீங்க?"

வாசலில் இரண்டாம் நம்பரின் எலும்புக்கூட்டை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போர்மேன் அப்படியே பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். கண் தளும்பியது. அவள் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை நீட்டினாள்.

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே பெயின்டர் கேட்டான்.

"எதுக்குண்ணே அழுகை? நீங்க உக்காந்திருக்கிற படி, அண்ணி பிடிச்சிருக்கிற கம்பி, உறுமுற எஞ்சின் எல்லாம் ரெண்டாம் நம்பரோடது. ஒன்னாம் நம்பர்னு இதுல கண்ணுக்குத் தெரியறது நான் அடிச்ச பெயின்ட் மட்டும்தானே?"