நான் தூங்காமல் பார்த்த நாடகம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய முழங்காலை மட்டும் நீ தனியாக விசாரிக்க வேண்டும், அது சுகமில்லை. உன் வீட்டில் எல்லாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் என்னைக் கேலி செய்ய உனக்கு நேரம் ஏது?

உன் புது வீட்டில் அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாய். "ஏன்க்கா, பொறந்ததுலேர்ந்து ஒரு நாடகத்தையாவது முழுசா முழிச்சுக்கிட்டுப் பாத்திருக்கியா?" எல்லாரும் சிரித்தார்கள். உன் மருமகள், என் மகள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. கலை மையத்து அரங்கில் நாடகங்களுக்கு விளக்கு அமைப்பதுதானே அவள் வேலை? இதுவரை மூன்று நாடகங்களுக்கு என்னைக் கூப்பிட்டாள், மூன்றிலும் தூங்கினேன். மூன்றாவதில் குறட்டை வேறு. மேடையில் செத்துக் கிடந்த நடிகரே சிரித்துவிட்டாராம். இந்த முறை பாஸைக் கையில் கொடுத்து, "அம்மா, இதான் கடைசி. இதுலயும் தூங்கினா இனிமே கூப்பிட மாட்டேன்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

நான் வேண்டுமென்றா தூங்குகிறேன்? முப்பத்தாறு வருஷம் வகுப்பில் நின்றபடி பாடம் சொன்னவளை உட்காரவைத்து அடுத்தவர் பேச்சைக் கேள் என்றால், பள்ளிக்கூடம் விட்டாச்சு என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. ஆனால் தம்பி, இன்று நான் ஒரு நாடகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண் கொட்டாமல் பார்த்தேன்! செருப்பைக்கூடக் கழற்றாமல் இதை எழுதுகிறேன்.

நாலு மணிக்கே நானும் உன் அத்தானும் கலை மையத்துக்குப் போய்விட்டோம். நாடகத்துக்கு நேரம் இருந்ததால் முதலில் ஓவியக் கூடத்துக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு அறை முழுக்கப் பள்ளிக்கூட நாற்காலிகளைத் தாறுமாறாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கோணல் நாற்காலியைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா, இரண்டை நிமிர்த்தி வரிசையில் வைத்து மூன்றாவதைப் பிடிக்கும்போது காவலாளி ஓடி வந்தார். "அம்மா, அம்மா! அது கலைம்மா, தொடாதீங்க!" "இதா கலை? எங்க ஸ்கூல்ல இதை அஞ்சாம் வகுப்பு தினமும் செய்யும்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு ரகசியம் போல் சொன்னார்: "எனக்கும் மொதல்ல புரியலைம்மா. புரியலைன்னா யாரையும் கேக்காதீங்க. நின்னு பாருங்க. அது பாட்டுக்குப் புரியும், இல்லாட்டி நமக்குக் கால் வலிக்கும், ரெண்டுல ஒண்ணு." உன் அத்தானுக்கு உடனே இரண்டாவது நடந்தது.

அந்தப் பாடத்தோடு அரங்குக்குப் போனால் கதவுக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்திருந்தார்கள். பாஸை வாங்க ஆளில்லை, உள்ளே எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. நல்ல நாடகத்துக்குக் கூட்டம் ஏது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் தலைக்கு மேலே இருந்த கண்ணாடி அறையில்தான் என் மகள் விளக்குகளோடு இருப்பாள். ஆறே முக்காலுக்கு இருட்டானது. மேடைக்கு ஒரே ஒரு நடிகர் வந்தார். இடுப்பில் சுத்தியல், காதில் பென்சில். எங்கிருந்தோ ஒரு கரகரத்த குரல், "இடது பக்கம் ரெண்டடி" என்றது. நகர்ந்தார். "நில்லு." நின்றார். "எவ்ளோ நேரம்யா நிக்கிறது?" "சொல்ற வரைக்கும்." தம்பி, வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்வார்கள்? நகரச் சொல்கிறவன் முகம் தெரிவதில்லை, நிற்கிறவனுக்குக் காரணம் தெரிவதில்லை!

கதை இதுதான், அவர் நிற்கிறார், வெளிச்சம் மாறுகிறது. அவ்வளவே. ஆனால் மேலிருந்து நீலம் விழுந்ததும் அந்த மனிதர் யாரையோ பறிகொடுத்தவர் போல ஆகிவிட்டார். பக்கவாட்டில் மஞ்சள் வந்தது, மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. கீழிருந்து வெள்ளை, கள்ளன்! முகத்தில் ஒரு நரம்பைக்கூட அவர் அசைக்கவில்லை. உனக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரே பையன்தான், அப்பாவோடு வந்தால் பசு, தனியாக வந்தால் புலி. எது அவன் முகம் என்று நான் எத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன்! நடுவில் அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். பச்சை வெளிச்சத்தில் அவர் தனியாகத் தின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. "பாத்தீங்களா?" என்று உன் அத்தானை இடித்தேன். தூங்கிக்கொண்டிருந்தார்! ஊரெல்லாம் என் குறட்டையைப் பற்றிப் பேசிய மனிதர்!

"போதும், முடிஞ்சுது" என்றது குரல். நான் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். நடிகர் திடுக்கிட்டு, நெற்றியில் கை வைத்து இருட்டுக்குள் பார்த்தார். "யாரும்மா அது? இருவது வருஷமா இங்க நிக்கிறேன், எனக்கு ஒருத்தர் கைதட்டுறது இன்னிக்குத்தான்." அதுதான் கடைசி வசனம். என்ன வசனம்!

கண்ணாடி அறைக்குப் போகும் கதவில் 'வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்' என்று பலகை தொங்கியது, பஸ்ஸும் வந்துவிட்டது. மகளிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்கிறேன். உன் கேள்விக்குப் பதில்: பார்த்திருக்கிறேன்! இதை உன் வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது உரக்கப் படி. பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கும் உண்டு, சிரித்ததைக் கழித்துக்கொண்டு.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற உன் அக்கா

பின்குறிப்பு: உரக்கப் படிக்காதே. மறுநாள் காலை மகள் போன் செய்தாள். "அம்மா, இன்னிக்கு ஆறரைக்கு நாடகம். மறந்துடாதே." உன் அத்தான் நாள்காட்டியில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்திருக்கிறார். நான் பார்த்தது, நாடகத்துக்கு முந்தின நாள் வெளிச்சத்தைச் சரிபார்க்கும் விளக்கு ஒத்திகை. நடிகர்களுக்குப் பதிலாக நின்றவர் அரங்கத்துத் தச்சர், குரல் கொடுத்தவர் மகளின் உதவியாளர். உண்மையான நாடகத்துக்கும் போனேன். இருபது நடிகர்கள், ஒரு போர், ஒரு புயல். புயலுக்கு முன்பே தூங்கிவிட்டேன். முடிந்ததும் எழுப்பியவள் என் மகள்தான். "மன்னிச்சுக்கோடி" என்று முந்தின நாள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், பசு, புலி, வாழைப்பழம் உட்பட. அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கைதட்டினது நீயாம்மா? நேத்து மேடையில நடிப்பும் இல்ல, கதையும் இல்ல. இருந்தது என் வேலை மட்டும்தான். ஒண்ணரை மணி நேரமா அதைப் பாத்துக்கிட்டே இருந்தியா?" என்றாள். அடுத்த ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நாடகத்துக்கு அல்ல. உனக்கு ஒரு வீட்டுப்பாடம்: இனி எந்த நாடகத்துக்குப் போனாலும் ஐந்து நிமிடம் நடிகர்களை விட்டுவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, எப்போது மாறுகிறது என்று மட்டும் பார்.