கொஞ்சம் வெளிச்சம் கூட்டினால் சரி

நிறம் திருத்துவார் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கலியாண மண்டபத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் கூரையிலுள்ள குழல் விளக்கை அண்ணாந்து பார்த்து, "இந்த லைற்றிலை பொம்பிளையின்ரை முகம் பச்சையடிக்கும்" என்று சூள் கொட்டுவார். படம் எடுப்பவர் என்று எண்ணிவிடாதீர்கள். படம் எடுப்பது அவரைப் பொறுத்தவரை கூலி வேலை; விரல் உள்ள எவரும் பொத்தானை அமத்தலாம். இவருடைய தொழில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கடவுள் அவசரத்தில் விட்டுவிட்டுப்போன பிழைகளைக் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தியிருந்து ஆறுதலாகத் திருத்துவது.

டிஜிட்டல் கமெரா வீட்டுக்கு வீடு வரத் தொடங்கிய காலத்தில், அதாவது இரண்டாயிரத்து நாலு ஐந்தில், ஒஸ்லோவில் இந்த இனம் நன்றாகப் பெருகியது. அதில் முதல்தரமான ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் சுரங்க ரயிலில் ஏறிக் கடைசித் தரிப்பிடமான வெஸ்ட்லியில் இறங்கி, மாடிவீட்டு மணியை அடித்து, இரத்தினவேலைக் கேட்கவேண்டும். பகலில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் விரிப்பு வெளுப்பார். வேலை முடிந்து வந்ததும் வீட்டில் மனிதரை வெளுப்பார். சமையலறை மூலையில் கொம்பியூட்டர். அதற்குள் போட்டோஷொப். அது எப்படி வந்தது என்று விருந்தாளி கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. அதிலுள்ள நூறு கருவிகளில் அவர் பழகியது ஒன்றுதான். இழுத்தால் வெளிச்சம் கூடும். மற்றப் பக்கம் இழுத்தால் குறையும் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளை என்ற சொல் அவர் வாயில் வராது. அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு. "முகம் டல்லாக் கிடக்கு", "நிழல் விழுந்திட்டுது", "கமெரா ஆளை விழுத்திப்போட்டுது", "கொஞ்சம் வெளிச்சம் கூட்டினால் சரி." இவ்வளவுதான் அவருடைய அகராதி. நெற்றியில் நிழல், கழுத்தில் நிழல், முழங்கையில் நிழல். படத்தில் இருக்கிற ஆள் பிறந்த நாள் முதலாக எங்கோ ஒரு நிழலிலேயே நின்றுகொண்டிருப்பதாகத்தான் நீங்கள் நினைக்கவேண்டும். நிழலைக் களைந்துவிட்டால் உள்ளே உண்மையான ஆள் இருப்பார் என்பது இரத்தினவேலின் அசைக்கமுடியாத நம்பிக்கை. அந்த உண்மையான ஆள், மாமியாரானாலும் மருமகளானாலும், கோதுமைமா நிறத்தில்தான் இருப்பார்.

படத்தை உங்களிடம் சும்மா தந்துவிடமாட்டார். உங்களை நாற்காலியில் இருத்தி, மனைவி யோகாம்பாளிடம் தேநீருக்குச் சொல்லி, முதலில் திருத்தாத படத்தைத் திரையில் போடுவார். "பாருங்கோ. உங்கடை மகள் இப்பிடியே?" பெற்ற தகப்பன் அந்த மகளோடுதான் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். பிறகு ஒரு சொடுக்கு. நிழல் போய்விட்டது. மகளும் பாதி போய்விட்டாள். "இப்ப?" என்பார். நீங்கள் "ஓம்" என்று சொல்லியே ஆகவேண்டும். தேநீர் குடித்திருக்கிறீர்கள் அல்லவா?

ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் கன்னத்தில் இருந்த கரும்புள்ளியோடு மாலை முழுக்க மல்லுக்கட்டினார். எத்தனை தரம் இழுத்தாலும் புள்ளி அசையவில்லை. யோகாம்பாள் வந்து முந்தானையால் திரையை ஒரு துடை துடைத்தார். "இஞ்சேருங்கோ, மத்தியானம் வடை திண்ட கையாலை திரையைத் தொட்டனீங்கள்" என்றார். புள்ளி போயிற்று. புள்ளிக்குக் கீழே இருந்த கன்னம் அதற்கு முன்னமே போயிருந்தது.

அவர் திருத்திய கலியாண அல்பங்கள் ஒஸ்லோவில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. ஐயரின் நெற்றியில் திருநீற்றைக் காணோம். நெற்றி முழுவதும் திருநீறாகிவிட்டதால் தனியாகத் தெரியவில்லை. கூறைச்சேலை இளஞ்சிவப்பு. தாலிக்கொடி வெள்ளி. ஓமகுண்டத்தில் எரிவது நெருப்பா, பஞ்சா என்று சொல்லமுடியாது. இத்தனைக்கும் இது நடப்பது எந்த ஊரில்? கொஞ்சம் வெயில் கண்டால் கடலோரத்தில் சட்டையைக் கழற்றிப்போட்டுக் குப்புறக் கிடக்கிற ஊரில். வெயில் இல்லாத மாதங்களில் காசு கொடுத்து விளக்குப் பெட்டிக்குள் படுத்தாவது மண்ணிறமாகப் பாடுபடுகிற ஊரில். அந்த ஊரின் ஒரு மாடிவீட்டில் இருந்துகொண்டு நம்மவர் எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். கிருபனின் விடயத்தில் அப்படி முடியவில்லை.

கிருபன் ஒஸ்லோவின் மறுபக்கம் ஹவுகெட்டோவில் இருந்த நல்ல பெடியன், பேருந்து ஓட்டுபவன். கொழும்பில் நிருஜா என்ற ஆசிரியையைக் கலியாணம் செய்யப் புறப்பட்டபோது இரத்தினவேல் தன் கமெராவைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார். "அங்கத்தைப் படக்காரருக்கு ஏன் தம்பி வீண் செலவு? ஆரையும் பிடிச்சு அமத்தச் சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்." கிருபன் அப்படியே செய்தான். கலியாணம் முடிந்து, லீவும் முடிந்து, மனைவியைக் கொழும்பில் விட்டுவிட்டுத் திரும்பியதும் கமெராவை ஒப்படைத்தான். இரத்தினவேல் பார்த்தார். நிருஜா நல்ல கறுப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற, எண்ணெய் பூசிய கருங்காலி போன்ற கறுப்பு. "சீ, பாவம், சரியான நிழல்" என்றார்.

மூன்று வாரம் அந்தப் பெண்ணுக்காக உழைத்தார். அவருடைய சேவையில் இதுவே உச்சம் என்று சொல்லவேண்டும். முடிந்ததும் பழைய படங்களின் மேலேயே புதியவற்றைப் பதிந்துவைத்தார். இதுவும் அந்த இனத்தின் குணம். ஊத்தையைக் கழுவிய பிறகு ஊத்தையை யாராவது எடுத்துவைப்பார்களா?

மனைவியை நோர்வேக்குக் கூப்பிடுகிறவர்கள் கலியாணம் நடந்ததற்குச் சாட்சியாக மனுவோடு படங்களையும் வைப்பது வழக்கம். கிருபனும் வைத்தான். கொழும்பில் தூதரகத்துக்கு நிருஜாவை நேர்காணலுக்கு அழைத்தார்கள். மேசையில் அவளுடைய கடவுச்சீட்டு. பக்கத்தில் அல்பம். அதிகாரி இரண்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பண்பான மனிதர். "இது உங்கள் சகோதரியா?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"இல்லை, நான்தான்" என்றாள் நிருஜா. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவளும் அந்த அல்பத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். தன் கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு தன் கணவனுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதைப் பார்த்தாள்.

மனு நின்றுவிட்டது. திருத்தாத படங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். கிருபன் வேலை உடுப்போடு வெஸ்ட்லிக்கு ஓடினான்.

"அண்ணை, பழைய படம் எங்கை?"

"பழசோ? அதேன் தம்பி? அதிலை ஒரே நிழல்."

"அண்ணை, என்ரை மனிசியை அவங்கள் என்ரை மனிசியில்லை எண்டுறாங்கள்!"

இரத்தினவேல் கலங்கினாரா? இல்லை. "நோர்வேக்காரனுக்கு நிறம் விளங்காது" என்றார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, மனமிரங்கி, திரும்பவும் கறுப்பாக்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கருவியை மற்றப் பக்கம் இழுக்கப் போகிறார். ஆனால் எவ்வளவு இழுப்பது? அவர் நிருஜாவை நேரில் கண்டவரல்ல. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, ஒண்டும் நினையாதையும். நீர் எவ்வளவு நிறம்? வெறுந்தேத்தண்ணி போலவோ, கொஞ்சம் பால் விட்டது போலவோ?"

"நான் ஆள் போல இருப்பன் அண்ணை" என்றாள் நிருஜா.

இந்தப் பதிலில் உள்ள சூடு அவருக்கு உறைக்கவில்லை. குறிப்புப் போதாது என்றுதான் வருத்தப்பட்டார். சொந்த அறிவை நம்பி இழுத்தார். நிருஜாவோடு சேர்ந்து கிருபன், ஐயர், குத்துவிளக்கு எல்லாம் கறுத்துப்போயின. இரண்டாவது அல்பம் தூதரகத்துக்குப் போனது. இப்போது அதிகாரியின் மேசையில் ஒரே மாப்பிள்ளை, ஒரே சேலை, ஒரே நாள், இரண்டு பெண்கள். எதிரே நாற்காலியில் மூன்றாவது பெண்.

"இவர்களில் நீங்கள் யார்?" என்று கேட்டார்கள்.

"இரண்டு பேரும் இல்லை" என்றாள் நிருஜா. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

ஹவுகெட்டோவில் கிருபன் புதிதாக வாங்கிய கட்டிலில் ஒரு கரையிலேயே படுத்துப் பனிக்காலம் முழுவதையும் கழித்தான். பாவம் என்று சொல்லாமல் இருக்கமுடியவில்லை. கட்டிய மனைவியைக் கட்டவில்லை என்று சந்தேகப்படுகிறார்கள். அதற்குக் காரணமானவரோ சந்தியில் கண்டால், "அது அவையின்ரை பிறின்ரரிலை பிழை தம்பி" என்கிறார்.

கடைசியில் காப்பாற்றியது நிருஜாவோடு படிப்பித்த மக்டலீன். அவரிடம் ஒரு பழைய பிலிம் கமெரா இருந்தது. மணவறைக்கு ஓரத்தில் நின்று சிநேகிதியை நாலைந்து தரம் எடுத்திருக்கிறார். படம் சரிந்து கிடந்தது. யாரோ ஒருவரின் முழங்கை பாதியை மறைத்தது. வாழ்த்தித் தூவிய அறுகரிசி கன்னத்தில் ஒட்டியிருக்க, நிருஜா வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் அவளுடைய முகம். நிறம் அவளுடைய நிறம். அதிகாரி அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவரும் சிரித்துவிட்டார். விசா கிடைத்தது.

பனி கரைந்த பிறகு நிருஜா வந்து சேர்ந்தாள். சிநேகிதர்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து வரவேற்பு வைத்தார்கள். கமெராவோடு யார் வந்தார்? வேறு யார்! அழைப்பில்லாத இடத்துக்கும் போகிற மனிதர், அழைத்தால் விடுவாரா? இந்தமுறை கிருபன் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தான்: "அண்ணை, ஒரு படத்திலையும் கை வைக்கக்கூடாது." அவரும் தலையை ஆட்டினார். முகம் மட்டும் பட்டினி கிடக்கச் சொன்னதுபோல இருந்தது.

விருந்து முடிகிற நேரம். கிருபன் மெல்ல அவரை மூலைக்குக் கூட்டிப்போனான். அக்கம்பக்கம் பார்த்தான்.

"அண்ணை, மற்றதெல்லாம் அப்பிடியே இருக்கட்டும். ஊரிலை இருக்கிற அம்மாவுக்கு அனுப்பிற ஒண்டு மட்டும்... அங்கை சனம் பாக்குமெல்லே. கொஞ்சம் வெளிச்சம் கூட்டினால்..."

இரத்தினவேலின் முகம் எந்தக் கருவியும் இல்லாமலே வெளிச்சமாயிற்று.

பின்னால் நிருஜா நின்றிருந்தாள். கையில் பலகாரத் தட்டு. அவள் கத்தவில்லை. "இவ்வளவு மாதம் நீங்கள் கூப்பிட்டது என்னையோ, அந்தப் படத்திலை நிண்டவளையோ?" என்று கேட்டாள். தட்டைக் கிருபனின் கையில் வைத்துவிட்டு அவள் போய் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். போவதற்கு அவளுக்கு இந்த ஊரில் வேறு வீடு இல்லை.

இப்போது உங்களுக்கு இரத்தினவேல் மேல் நல்ல கோபம் வந்திருக்கும். வரட்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் யாருடைய வீட்டுக் கதவையாவது தட்டி, "உங்கள் பிள்ளையைத் தாருங்கள், வெளுத்துத் தருகிறேன்" என்று கேட்டாரா? வெஸ்ட்லிச் சமையலறையில் அந்த நாற்காலி ஒருநாளும் காலியாகக் கிடந்ததில்லை. தேநீரைக் குடித்துக்கொண்டு அதில் இருந்தவர்கள் யார்? சரி, அது போகட்டும். சென்ற முறை மகளின் படத்தை யாருக்கோ காட்டும்போது, அவளும் பக்கத்தில் நிற்க, "ஆள் நல்ல நிறம், படத்திலைதான் விழேல்லை" என்று சொன்னீர்களே, அப்போது அவள் உங்களை எப்படிப் பார்த்தாள்?