கும்பிடு பூச்சிக்கு ஒரு விளக்கு

பயந்துபோன மனிதன் இரண்டில் ஒன்றைச் செய்வான். ஒன்று, ஓடிவிடுவான், இல்லாவிட்டால் "முடியும்" என்று சொல்லிவிடுவான். ஓடுகிறவன் பிழைத்துக்கொள்வான். நான் இரண்டாவது ரகம்.

ஜப்பான்காரர்கள் பினாங்கைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு அப்போது இருபது வயது. அக்காவின் கணவர் ஜார்ஜ் டவுனில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அத்தான் படம் எடுப்பார், நான் தட்டு கழுவுவேன். (படம் பதிகிற கண்ணாடித் தட்டு. சாப்பாட்டுத் தட்டில் கழுவுகிற அளவுக்கு அந்தக் காலத்தில் ஒன்றும் மிஞ்சாது.)

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசலில் ராணுவ கார் வந்து நின்றது. இறங்கியவர் ஜப்பான் ராணுவ டாக்டர் ஒருவர். இடுப்பில் வாள், கையில் ஒரு மூங்கில் கூண்டு. அத்தானும் நானும் இடுப்பு ஒடியக் குனிந்தோம். குனியாதவன் கன்னம் என்ன பாடுபடும் என்பது ஊரறிந்த விஷயம்.

கூண்டுக்குள், ஒரு குச்சியில், ஆர்க்கிட் பூவின் இதழ் மாதிரி வெள்ளையும் ரோஸுமாக ஒரு கும்பிடு பூச்சி. ஊரை ஒட்டிய கொடிமலையில் பிடித்தாராம். அதைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாகப் படம் எடுக்கவேண்டும், காலில் இருக்கிற முள் ஒவ்வொன்றும் தெரியவேண்டும் என்று அரைகுறை மலாயில் சொன்னார். பூச்சியைக் காட்டி, "இது செத்தால்..." என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்காமல் வாளின் பிடியில் கையை வைத்தார். (கை ஓய்வெடுக்கட்டும் என்று வைத்திருக்கலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.)

அத்தானுக்கு வேர்த்தது. அவ்வளவு நெருங்கிப் படம் எடுக்கவேண்டுமானால் கேமராவின் துருத்தியை முழுக்க இழுக்கவேண்டும். இழுக்க இழுக்கப் படம் இருண்டுபோகும். பலமான வெளிச்சம் வேண்டும். ஸ்டூடியோவின் நல்ல பல்புகளோ எப்போதோ எரிந்துபோயிருந்தன. புதிது வாங்க ஊரில் வழியில்லை. அதைச் சொல்ல அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"போலே, துவான்." முடியும், ஐயா.

டாக்டர் தலையசைத்தார். மத்தியானம் வருவதாகச் சொல்லி, பூச்சியை விட்டுவிட்டுப் போனார்.

"என்னாடா போலே? பல்பு எங்கடா இருக்கு நம்மகிட்ட?"

"செஞ்சிரலாம் லா அத்தான்."

பின் சந்தில் குண்டு விழுந்து நசுங்கிய கார் ஒன்று கிடந்தது. அதன் முன்விளக்குகள் இரண்டையும் கழற்றினேன். தெரிந்த மெக்கானிக்கிடம் கெஞ்சி ஒரு கார் பேட்டரி வாங்கி வந்தேன். பிஸ்கட் டின்னை வெட்டி விரித்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி, ஒரு விளக்குக்குக் கூரையாக வளைத்தேன். வெளிச்சம் வந்தது, ஆனால் முகத்தில் அறைகிற வெளிச்சம். பூச்சி பேய் மாதிரி தெரிந்தது. வெளிச்சத்தை மெதுவாக்க ஒரு தாளைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து விளக்குக்கு முன்னால் கட்டினேன். எண்ணெய், அக்கா தலைக்கு வைத்திருந்த கடைசி அவுன்ஸ். யோசனை என்னுடையது. அதை நினைத்து அன்று நான் பட்ட பெருமைக்கு அளவே கிடையாது.

குச்சியைக் கூண்டிலிருந்து எடுத்து ஒரு மண்சட்டியில் நட்டோம். பூச்சி தலைகீழாகத் தொங்கியது. ஈ ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன், தொடவில்லை. கொஞ்சமும் அசையவுமில்லை.

"நல்ல புள்ளையா இருக்கு," என்றபடி அத்தான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

சற்று நேரத்தில் வடை சுடுகிற மாதிரி ஒரு வாசனை. (வடை சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்ததால், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.) திரும்பினால் எண்ணெய்த் தாள் எரிகிறது. தட்டு கழுவுகிற வாளியைத் தூக்கி அப்படியே வீசினேன். சூடான விளக்கு வெடித்தது. அறை முழுக்கப் புகையும் ஆவியும். பாதித் தண்ணீர் அத்தான்மேல். இருவரும் இருமிக்கொண்டு பின் சந்துக்கு ஓடினோம்.

"உசுரோட இருக்கா?"

"இருக்கேன் அத்தான்."

"உன்னைக் கேக்கலடா. பூச்சி."

எட்டிப் பார்த்தோம். ஆவிக்கு நடுவில் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இனி அதைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று அத்தான் கதவைச் சாத்தினார். மிச்சமிருந்த விளக்குக்கு வயர் தேடி நான் தெருத்தெருவாக அலைந்தேன்.

நான் திரும்பி வந்தபோது அக்கா அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வந்திருந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்ததால் தலையில் மல்லிகைச் சரம். மூன்று பேரும் உள்ளே போனோம்.

குச்சியில் வெளிறிப்போய், காய்ந்து, கால்களை விரித்தபடி ஒன்று தொங்கியது. ரோஸ் நிறமே இல்லை. அந்தப் பக்கம் இருக்கிற சுவர் அதன் வழியே தெரிந்தது.

"முதுகு வெடிச்சிருக்கு," என்றார் அத்தான் மெல்ல. "அவிச்சிட்டியேடா."

அக்கா சட்டிமேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "பாவம், கும்பிட்டுக்கிட்டே போயிருக்கு," என்றாள்.

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பின்வாசல் வழியா போயிடு. அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போ. நான் பேசிக்கிறேன்."

என் கால் நகரவில்லை. அதற்குள் வாசலில் கார் சத்தம்.

டாக்டர் உள்ளே வந்தார். குனிந்தோம். அவர் எங்களைக் கவனிக்காமல் நேரே குச்சியிடம் போனார். தொங்குவதைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டியவர், அக்காமேல் நிறுத்தினார். அப்படியே அவளை நோக்கி நடந்தார்.

அந்த நாளில் ஜப்பான் அதிகாரி ஒருவர் ஒரு வீட்டுப் பெண்ணை அப்படிப் பார்த்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. அத்தான் கைகூப்பிக்கொண்டு குறுக்கே போய் நின்றார். மலாய் அத்தனையும் மறந்துவிட்டது அவருக்கு.

"துவான், தப்பு எங்களோடது. அவளுக்கு ஒன்னும் தெரியாது. என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க."

டாக்டர் ஒரு கையால் அவரை ஒதுக்கினார். நான் கைக்கு அகப்பட்ட பிஸ்கட் டின் தகட்டைத் தூக்கினேன். (வாளுக்கு எதிரே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக இருந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

"ஜாங்கான் கெராக்," என்றார் டாக்டர் மிக மெதுவாக. அசையாதே.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு மட்டும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவர் ஒரு விரலை அவள் கூந்தலுக்கு அருகே நீட்டினார். மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூ எழுந்து அவர் விரலில் ஏறியது. வெள்ளையும் ரோஸுமாக, காலையில் பார்த்ததைவிடப் பெரிதாக, இப்போது சிறகும் முளைத்து.

டாக்டர் குச்சியில் தொங்கியதைக் காட்டி, தன் கோட்டைத் தோளிலிருந்து கழற்றுவதுபோல் நடித்துக் காட்டினார்.

"சட்டை உரிச்சிருக்கு," என்றாள் அக்கா, கண்ணைத் திறந்து. "பாம்பு மாதிரி."

டாக்டர் ஈரத் தரையையும் வெடித்த விளக்கையும் பார்த்தார். "ஆயர்?" என்று என்னைக் கேட்டார். தண்ணீரா? நான் தலையாட்டினேன். காற்றில் ஈரம் இருந்தால்தான் தோல் சுலபமாக உரியுமாம். நான் அதைத் தெரிந்தே செய்ததாக எடுத்துக்கொண்டு, "பாகுஸ், பாகுஸ்", நல்லது நல்லது, என்று என் முதுகில் தட்டினார். நான் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். அத்தான் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மிச்சமிருந்த விளக்கை வைத்து, எண்ணெயும் இல்லாமல் தாளும் இல்லாமல், பூச்சியை அதன் பழைய தோலுக்குப் பக்கத்தில் விட்டுப் படம் எடுத்தோம். புதுச் சிறகு வந்தவருக்கு ஓர் இடத்தில் இருப்பு கொள்ளவில்லை. கழுவிப் பார்த்தால் பூச்சி இருந்த இடத்தில் வெறும் புகை மாதிரி ஒரு கறை. ஆனால் அந்தக் காலிச் சட்டை! காலின் முள் ஒவ்வொன்றையும் எண்ணலாம். டாக்டர் அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, எங்களை நோக்கி லேசாகத் தலை குனிந்தார். கூலி ஒன்றும் தரவில்லை. எங்கள் தலைகளை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அதற்குமேல் கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

போர் முடிந்து, அத்தான் காலமாகி, ஸ்டூடியோவும் கைமாறிவிட்டது. அக்கா டத்தோ கிராமாட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை போன் செய்வாள். எடுப்பது என் மனைவி. என் உடம்பு எப்படி, சாப்பிட்டானா என்றெல்லாம் அக்கா கேட்பதில்லை.

"ஆளு இருக்கானா, சட்டை மட்டுந்தானா?"

என் மனைவி, சாய்வு நாற்காலியில் அசையாமல் கிடக்கிற என்னை எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் பதில் சொல்வாள்.

"இருங்க அண்ணி, தொட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."