எனக்குக் கோபமே வராது, மேடம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னைக் கோபக்காரன் என்பார்கள். அது பாதிதான் சரி. எனக்குப் பயம் வந்தால் அது வாய் வழியாகக் கோபமாக வெளியே வரும். பயத்தை யாரும் பார்த்ததில்லை, கோபத்தைப் பார்க்காதவர்கள் இல்லை.

பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். நாற்பது மெஷின் ஓடும் ஹாலில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் காது கேட்காது. இருபத்தைந்து வருஷமாக அங்கே கத்திக் கத்தி, சேலையூரில் வீட்டுக்கு வந்தும் அதே சத்தத்தில்தான் சாம்பார் கேட்டேன். (என் மனைவி அதற்குப் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பழகவில்லை. பதில் சொல்வதை நிறுத்தியிருந்தாள், அவ்வளவுதான்.)

நாலு வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு என் மகள் ஜெனி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. சோழிங்கநல்லூரில் வேலை.

"அப்பா, நான் தனியா தங்கறதுக்கு ஆபீஸ் பக்கத்துலயே பி.ஜி. பாத்துட்டேன். தூரம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம். ஆனா காரணம் நீங்கதான்."

நான் கையிலிருந்த பைபிளைத் திறந்து மூடினேன்.

"ஒண்ணு செய்யுங்க. அஸ்தினாபுரத்துல ஒரு கவுன்சலர் இருக்காங்க. ஒரு தடவை போய்ப் பேசுங்க. அப்புறம் நான் இருக்கறதா போறதான்னு முடிவு பண்றேன்."

"நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டேன். அதையும் கத்தித்தான் கேட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கரண்ட் வைப்பார்களா? ஊசி போட்டுப் படுக்கவைத்து விடுவார்களா? கம்பெனிக்குத் தெரிந்தால்? சர்ச்சில் யாராவது பார்த்து, எனக்காக ஜெபிக்கச் சொல்லி எல்லோர் முன்னாலும் வாசிக்க ஜெபக்குறிப்பு கொடுத்துவிட்டால்? (கரண்ட்டைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன்.) இருந்தாலும் ஜெனி போய்விடுவாள் என்ற பயம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தன் ஸ்கூட்டரில் அவளே கொண்டுபோய் விட்டாள். நான் ஓடிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தேன். அதில் சுகர் ரிப்போர்ட், ஈ.சி.ஜி., முழங்கால் எக்ஸ்-ரே. டாக்டரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போனால் மதிக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அது ஒரு வீட்டின் மாடி. போர்டுகூட இல்லை. படியேறும்போதே சட்டை நனைந்துவிட்டது. வெள்ளைக் கோட்டை எதிர்பார்த்துப் போனால், காட்டன் சுடிதார் போட்ட ஒரு பெண் கதவைத் திறந்து, "வாங்க சார், எங்க வேணா உக்காருங்க" என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மேஜை இல்லை, கட்டில் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர் பாட்டில். அவள் கதவைச் சாத்தினாள். எங்கே வேண்டுமானாலும் உட்காரச் சொல்வதே பரீட்சையாக இருக்குமோ என்று யோசித்து, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஐம்பது நிமிஷம் பேசலாம் சார். இங்க பேசறது எதுவும் இந்த ரூமை விட்டு வெளிய போகாது. ஒரே ஒரு விஷயம். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும், சம்பந்தப்பட்டவங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கும். சம்மதம்னா இதுல ஒரு கையெழுத்து."

கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. இன்னொருத்தர் உயிர்.

அன்று காலையிலிருந்து நான் மூன்று பேரைக் கொல்வதாகச் சொல்லியிருந்தேன். பேப்பரைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போன பேப்பர்காரனை ஒரு தடவை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி, கேம்ப் ரோட்டில் குறுக்கே வந்த ஆட்டோக்காரனை ஒரு தடவை. கட்டிங் டிபார்ட்மென்ட் பையனைப் போனில் இரண்டு தடவை. என் வாயில் அது வணக்கம் மாதிரி வரும் வார்த்தை. இந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? எழுதிவைத்துக்கொண்டு போன் போட்டால்? சாயங்காலம் சேலையூர் போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

"சொல்லுங்க சார். கோபத்தைப் பத்திப் பேசணும்னு உங்க பொண்ணு சொன்னாங்க."

"கோபமா? எனக்கா? எனக்குக் கோபமே வராது, மேடம்."

"அப்படியா?"

"ரொம்ப சாந்தமான ஆளு. கம்பெனில யாரை வேணா கேளுங்க." (யாரையும் கேட்டுவிடக் கூடாதே என்று உடனே வியர்த்தது.)

"சரி. அப்ப எதுக்காக வந்திருக்கீங்க?"

மடியில் பை இருந்தது. "முழங்கால் வலி, மேடம்" என்றேன்.

சொன்னதோடு விட்டேனா? எக்ஸ்-ரேயை எடுத்து நீட்டினேன். அந்தப் புண்ணியவதி அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தாள். "எனக்கு இதைப் படிக்கத் தெரியாது சார்" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு பேசாமல் இருந்தாள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். பேசாமல் இருக்கிற ஆளை என்ன செய்வது? இருபது நிமிஷத்துக்கு மேல் ஃபேன் மட்டும் சுற்றியது. அவள் நோட்டில் ஏதோ எழுதினாள். என் கால் தானாக ஆடியது.

அப்போதுதான் கீழே ஹாரன் அடித்தது. தண்ணீர் லாரி. ஒரு தடவை அடித்து நிறுத்துகிற ஹாரன் இல்லை, கையை எடுக்காமல் அடிக்கிற ஹாரன். பத்து விநாடி பொறுத்தேன். இருபது விநாடி பொறுத்தேன். பல்லைக் கடித்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்து நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"டேய்! கையை எடுடா! எறங்கி வந்தேன்னா கொன்னுடுவேன்டா!"

லாரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "யோவ், இன்னாய்யா மேலேர்ந்து சவுண்டு உட்ற? வண்டி நடுவுல நிக்குதுய்யா! மொதல்ல அத்த எடுக்கச் சொல்லு, அப்பால கொல்லு!"

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். பக்கத்து அபார்ட்மென்ட் கேட்டுக்கு நேரே ஜெனியின் ஸ்கூட்டர், ஸ்டார்ட் ஆகாமல் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஜெனி. அவள் லாரியைப் பார்க்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை, குரலிலேயே தெரிந்துவிட்டிருக்கும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கி, தரையைப் பார்த்து நின்றாள். ஹாரன் நின்றுவிட்டது, கை காதிலிருந்து இறங்கவில்லை. அது என் சத்தத்துக்கு.

அவளுக்காகத்தான் கத்தினேன் என்று பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அவள் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது. வீட்டில் கத்தும்போதும் நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. மேலேயிருந்து பார்த்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது.

திரும்பினேன். கவுன்சலர் அதே நாற்காலியில் இருந்தாள்.

"போலீசுக்குச் சொல்லப் போறீங்களா, மேடம்?"

"லாரிக்காரரைக் கொல்றதா ஏதாவது திட்டம் இருக்கா சார்?"

"ஐயோ, இல்லை மேடம். அவர் பேர்கூடத் தெரியாது."

"அப்ப உக்காருங்க. இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு."

உட்கார்ந்தேன். "அவ காதைப் பொத்திக்கிட்டா" என்றேன்.

"யாரு சார்?"

"என் பொண்ணு."

அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். மீதிப் பதினேழு நிமிஷமும் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கவுன்சலர் ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கீழே வந்தேன். யாரோ கிக்கரை உதைத்துக் கொடுத்து ஸ்கூட்டர் கிளம்பியிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஜெனி வண்டியை நிறுத்தினாள். அங்கே நிற்கும்போது திரும்பாமலே கேட்டாள்: "அடுத்த வாரமும் வரச் சொன்னாங்களா?"

"சனிக்கிழமை. பதினொண்ணு."

"கொண்டுவந்து விடறேன்."

பி.ஜி. பேச்சு தள்ளிப்போனது. ரத்தாகவில்லை, தள்ளிப்போனது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன மாதம்கூடக் கேபிள்காரரிடம் கத்தினேன். ஆனால் கத்தும்போது இப்போதெல்லாம் வீட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண் தேடுகிறது. தேடும்போது சத்தம் குறைந்துவிடுகிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

வீட்டில் நாலு சொந்தக்காரர் சேர்ந்தால் ஜெனி இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். நானே உளறியதை வைத்து எக்ஸ்-ரேயை நீட்டிக் காட்டுவாள், லாரிக்காரர் மாதிரி பேசுவாள், என் குரலில் என் எதிரிலேயே கத்திக் காட்டுவாள். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். கடைசியில் ஜெனி எப்போதும் ஒன்று சொல்வாள்: "நான் கீழ நின்னு ஒரே சிரிப்பு. அடக்கவே முடியல."

அவள் அன்று சிரிக்கவில்லை. நான் பார்த்தேன். நான் பார்த்தது அவளுக்கும் தெரியும், ஒரு தடவை நானே சொல்லியிருக்கிறேன். நான் அதைத் திருத்துவதில்லை. எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன்.