ரேடியோ பாடாத ஆறு வாரம்

போர்டை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தால், தலைமை ஆசிரியர் அதைவிடப் பெரிய போர்டாக மாட்டி வைத்திருந்தார். 'மனநல ஆலோசனை அறை' என்று இருந்த இடத்தில் இப்போது 'இங்கே ரகசியம் காக்கப்படும்' என்று சிவப்பு எழுத்தில் பளிச்சிட்டது. அதுவும் ஸ்டாஃப் ரூமுக்கு நேர் எதிரில். உள்ளே யார் போகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம்.

மனுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர், எட்டு மாதமாக. கழிவறைத் தாழ்ப்பாள், ஓடாத மின்விசிறி, ஒழுகும் குழாய் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மனு எழுதினாள். சாப்பாட்டு நேரமும் அதற்கே போனது. டிபன் டப்பா வந்த கனத்திலேயே வீடு திரும்பும்.

ஆனால் இந்த மனு ரேடியோவுக்காக. பக்கத்தில் உட்காருகிறவள். வகுப்பில் ஆசிரியர் ஒரு வார்த்தை பேசினால் இவள் ஒன்பது பேசுவாள் என்பதால் வந்த பட்டம். அப்பேர்ப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை வாயை மூடியவள்தான், அப்புறம் திறக்கவே இல்லை. இடைவேளையில் எங்கோ காணாமல் போய்விடுவாள். தனியாக அழுகிறாளோ என்று மனுக்காரிக்குப் பயம். ஒரு நாள் ரேடியோ நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: 'யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசணும். யாருக்கும் தெரியக் கூடாது.'

படித்ததும் மனுக்காரி, பள்ளிக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்று மனு எழுதினாள். அன்றைக்கே நூற்று நாற்பது கையெழுத்து வாங்கிவிட்டாள்.

"நம்ம பள்ளிக்கூடத்துல யாருக்கும்மா கவலை?" என்றார் தலைமை ஆசிரியர். "கவலைப்பட டைம்டேபிள்லயே இடம் இல்லையே."

ஆனாலும் இரண்டு வாரத்தில் ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்தார், புதன்கிழமைதோறும் வருவதற்கு. நல்ல மனுஷர்தான். நல்லது செய்தால் கொஞ்சம் சத்தமாகச் செய்வார்.

முதல் புதன் போர்டைப் பார்த்து யாரும் வரவில்லை. இரண்டாவது புதன் பெரிய போர்டைப் பார்த்துக் கூட்டம் வந்தது, ஆனால் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்க்க. மனுக்காரி மறுபடி எழுதினாள்: ஒரு பெட்டி வையுங்கள், பேச விரும்புகிறவர்கள் சீட்டுப் போடட்டும்.

பெட்டி வந்தது. மூன்று சீட்டும் விழுந்தன. மூன்றாவது புதன் காலை வணக்கக் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கீழ்க்கண்ட மாணவர்கள் ரகசியமாகப் பேச விரும்புகிறார்கள்" என்று ஆரம்பித்து மூன்று பெயரையும் வாசித்தார். மூவரும் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சத்தியம் செய்தார்கள்.

இனிமேல் பெயரே வேண்டாம், யாரும் தடுக்காமல் போய்வர வழி செய்யுங்கள் என்று அடுத்த மனு. யாரும் தடுக்காமல் இருப்பதற்காக, போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் அட்டை செய்து கொடுத்தார் தலைமை ஆசிரியர்.

நான்காவது புதன் மத்தியானம் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். ஒருத்தரும் வராததால் எல்லாரும் நலம் என்று அறிக்கை எழுதிவிட்டாராம். இன்றும் யாரும் வராவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து ஆலோசகர் வரமாட்டார்.

மனுக்காரி ஓடிப்போய் ரேடியோவின் கையைப் பிடித்து இழுத்தாள். ரேடியோ நகரவில்லை. நோட்டை எடுத்து எழுதினாள்: 'பயமா இருக்கு. நீ முதல்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு.'

வேறு வழியில்லை. மனுக்காரி மஞ்சள் அட்டையை மாட்டிக்கொண்டு நடந்தாள். ஸ்டாஃப் ரூமில் டீ ஆறியது. அறை வாசலில் ஸ்டூல் போட்டு அட்டெண்டர் அக்கா உட்கார்ந்திருந்தார், இரண்டு காதிலும் பஞ்சோடு.

"காது வலியாக்கா?"

"கொஞ்ச நாளாவே இருக்கும்மா."

"மனு எழுதட்டுமா?"

"எழுதலாம். யாருக்கு எழுதறதுன்னுதான் தெரியல. நீ உள்ள போ."

பரீட்சை பயம் என்று ஒரு பொய்க் கவலையை அவள் ஐந்து குறிப்புகளாகத் தயார் செய்து வைத்திருந்தாள். ஆலோசகர் அம்மாள் இரண்டாவது குறிப்பு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பைக்குள் தெரிந்த டப்பாவைப் பார்த்தார்.

"இன்னும் சாப்பிடலையா? டிபன் யார் கட்டிக் கொடுப்பாங்க?"

அதற்குக் குறிப்பு இல்லை.

"நான்தான் கட்டுவேன்," என்றாள். "முன்னாடி அம்மா."

அம்மா போய் எட்டு மாதம். அப்பாவுக்கும் தம்பிக்கும் தைரியம் சொல்லி, சமைத்து, துவைத்து, மிச்ச நேரத்தில் ஊருக்கெல்லாம் மனு எழுதியதில் அவளுக்கு அழ மட்டும் நேரம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்தது. முக்கால் மணி நேரம் அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. அங்கேயே டப்பாவைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

முகம் வீங்கி வெளியே வந்தவளுக்கு ஏனோ உடம்பு லேசாக இருந்தது. அடுத்த புதனும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆலோசகரும் தொடர்ந்து வருவார்.

"அக்கா, அடுத்த வாரம் ரேடியோவையும் கூட்டிட்டு வரேன். என்னைவிட அவளுக்குத்தான் இது அவசியம்."

அட்டெண்டர் அக்கா நிம்மதியாக இரண்டு காதுப் பஞ்சையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அவளுக்கு ஒரு குறையும் இல்லம்மா. உனக்குன்னா நீ ஒரு மனுவும் எழுத மாட்டேன்னு, உன்னை இங்க வரவைக்கத்தான் ஆறு வாரமா வாயை மூடிக்கிட்டுக் கிடந்தா. அடக்க முடியாம தினமும் இன்டர்வெல்ல வந்து அத்தனையையும் என் காதுலதான் கொட்டிட்டுப் போனா."