அரசாங்க மீன்

எங்கள் வீட்டு பால்கனியை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து அது என் மனைவியின் பிளாஸ்டிக் ராஜ்ஜியம். மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. "என்னிக்காவது உதவும்" என்பாள். நான் கேட்டது ஒரு சாய்வு நாற்காலி போடும் இடம். சாயங்காலம் அதில் சாய்ந்துகொண்டு சும்மா இருக்க வேண்டும். என் வாழ்க்கையின் ஒரே லட்சியம் அதுதான்.

அரசாங்கமே என் கட்சிக்கு வந்தது. நான் நகராட்சியில் விழிப்புணர்வுப் பிரிவு எழுத்தர். பிளாஸ்டிக்கின் தீமையை மக்கள் உணர, பிளாஸ்டிக் குப்பையிலேயே ஆள் உயர மீன் செய்து அலுவலக வாசலில் நிறுத்தச் சொல்லி உத்தரவு. கிடைத்த குப்பையெல்லாம் நாறியது. திறந்து வைக்க வரும் ஆணையருக்கு நாற்றம் ஆகாது. "புது டப்பாவே வாங்கிடலாமா?" என்று மேலாளர் தலையைச் சொறிந்தார்.

"வேண்டாம் சார். என் வீட்டுல கழுவித் துடைச்சுத் தயாரா இருக்கு" என்றேன்.

மனைவி ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போன சமயம் பார்த்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சியதில்லை.

திரும்பி வந்தவள் பால்கனியையும் அதில் புது சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்த என்னையும் பார்த்தாள்.

"டப்பா எல்லாம் எங்கேங்க?"

"அரசாங்கம் எடுத்துக்கிச்சு. நாட்டுக்காக!"

"நாடு வந்து கேட்டுச்சா, நீங்களா கொடுத்தீங்களா?"

"மீன் செஞ்சிருக்காங்க. நாளைக்குத் திறப்பு விழா."

"அப்படியா? நானும் வரேன்."

அவள் கத்தவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

விழாவில் ஆணையர் ரிப்பன் வெட்டினார். அதுவும் பிளாஸ்டிக் ரிப்பன்தான். கைதட்டல் அடங்கியதும் என் மனைவி நேராக அவரிடம் போனாள்.

"மீன் ரொம்ப அழகா இருக்குங்க ஐயா. விழா முடிஞ்சதும் எங்கே போகும்?"

ஆணையர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

"குப்பைக்குத்தான்..." என்று மேலாளர் இழுத்தார்.

"பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்களே! நாளைக்கு இது குப்பையில கிடந்தா என்ன எழுதுவாங்க?"

ஆணையருக்கு வியர்த்தது. "நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டு பால்கனி காலியாத்தான் கிடக்கு. இவர் பத்திரமாப் பாத்துப்பார். அடுத்த வருஷ விழாவுக்கும் ஆச்சு."

"பிரமாதம்!" என்றார் ஆணையர். நின்ற இடத்திலேயே நான் மீனின் பொறுப்பாளர் ஆனேன். அரசாங்கச் சொத்து, ஒரு மூடி குறைந்தாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

"முன்னாடியாவது கெஞ்சினா ரெண்டு டப்பாவைத் தூக்கிப் போடுவே. இனிமே அதுவும் முடியாதே!" என்று வீட்டில் புலம்பினேன்.

"நாட்டுக்காகத்தானேங்க!"

இப்போது வாராவாரம் பால்கனியில் மீனைக் குளிப்பாட்டுகிறேன். கூடத்தில் என் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வால் பக்கம் சரியாத் தேய்க்கலைங்க" என்கிறாள் அவள்.